கெட்ட ரத்தம் என்று நான் சொன்னது

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் மூன்று பேருக்கும்,

நம் நாட்டுமருந்துக் கடையில் பெண்கள் பக்கத்து மேசையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றேன். முழங்கால் விட்டுப்போனதால் போன வருஷம் விலகிக்கொண்டேன். இப்போது அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி முதலாளியின் மருமகள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தேன். நீங்களும் நாற்காலி போட்டு உட்காரவைத்து என் முகத்தையே பார்த்தீர்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு, தைலம் ஒரு சீசா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் தேவலை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எதை இடிப்பது, எதைச் சலிப்பது, எந்தச் சரக்கில் பூச்சி விழும் என்பதெல்லாம் கடையில் இருப்பவர்களே சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது ஐம்பது வயதை ஒட்டி வரும் பெண்களைப் பற்றி. அவர்களுக்கு நாம் எதை எடுத்துக் கொடுக்கிறோம் என்பதைவிட, கொடுக்கும்போது வாயால் என்ன சொல்கிறோம் என்பதைப் பற்றி.

அவர்களைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். உள்ளே வந்ததும் வேண்டியதைக் கேட்கமாட்டார்கள். சீயக்காய் என்ன விலை, பெருங்காயம் புதுசா என்று எதையாவது விசாரித்துக்கொண்டே நிற்பார்கள். ஆண்கள் வெளியே போனதும் மேசைமேல் கையூன்றிக் குனிவார்கள். "ஒடம்புக்கு எதாவது குடுங்கக்கா" என்பார்கள். என்ன உடம்புக்கு என்று கேட்டால், "அதான்க்கா, நிக்கிற நேரம்" என்பார்கள். மாதவிலக்கு நிற்கும் காலத்துக்கு நம் பக்கத்தில் பேர் அவ்வளவுதான்.

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "முழங்கால் சேத்துல நின்னு நட்டுக்கிட்டு இருக்கேன், மேல தூறல் போடுது, எனக்கு மட்டும் வேர்த்து ஊத்துது. பக்கத்துல நடுறவ கேக்குறா, என்னடி, ஒனக்கு மட்டும் தனியா வெயில் அடிக்குதான்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தவுடன் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. தூக்கம் போய் எட்டு மாசம் ஆகிறது என்றாள்.

அப்படி வருகிறவர்களுக்கு நம்மிடம் சூரணம் இருக்கிறது, லேகியம் இருக்கிறது, எள்ளும் உளுந்தும் தண்ணீர்விட்டான் கிழங்கும் இருக்கிறது. சிலருக்குக் கேட்கிறது. சிலருக்குக் கேட்பதில்லை. சிலருக்கு அதுவாகவே தணிகிறது, பேர் மருந்துக்குப் போகிறது. இதைக் கடையில் நின்றுகொண்டு சொல்லக்கூடாது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாய் வீட்டு அம்மா வருவார். மகன் துபாயில் கடை வைத்திருந்தான். அவன் அனுப்பிய மாத்திரை டப்பா ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். "இதச் சாப்பிடலாமான்னு பாத்து சொல்லுங்க. இயற்கை மருந்து, இலை படமெல்லாம் போட்டுருக்குன்னு மவன் சொல்றான்." டப்பாவில் எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியாது. அவர் பார்த்த அதே இலைப் படத்தைத்தான் நானும் பார்த்தேன். "இலைதானேம்மா, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மா நெஞ்சு அடைப்புக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பது பிறகு வேறு பேச்சில்தான் தெரிந்தது. அதோடு சில இலை மருந்து சேர்ந்தால் ரத்தம் நிற்காமல் போகுமாம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆகாமல் போனதால் எனக்குப் புத்தியும் வரவில்லை.

வசந்தா விஷயத்தில்தான் வந்தது.

ஏழெட்டு வருஷம் இருக்கும். எங்கள் கடையிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்து ஊர்க்காரி. வயது ஐம்பத்துமூன்று. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். புருஷனும் அவளுமாகக் கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்திரை மாசத்தில் ஒருநாள் வந்தாள்.

"ஒடம்பு எரியுதுக்கா. படுத்தா பாய் நனைஞ்சுபோகுது. அவரு என்னடான்னா ஃபேனை நிறுத்துடி, குளிருதுங்குறாரு. நான் கொல்லை வாசப்படில தலைய வச்சு படுத்துக்கறேன்."

"எத்தனை நாளா இருக்கு?"

"நாளா? வருஷமா இருக்குக்கா. நின்னே நாலு வருஷம் ஆச்சு."

நான் லேகியம் கொடுத்தேன். காலையும் சாயங்காலமும் நெல்லிக்காய் அளவு, பாலோடு. ஆனி மாசம் திரும்ப வந்தாள். முகம் தெளிந்திருந்தது. நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குகிறாளாம். லேகியத்தாலா, ஆனிக் காற்று கிளம்பியதாலா, இத்தனை வருஷமாக வீட்டில் சொல்லாததை என்னிடம் வாய்விட்டுச் சொன்னதாலா என்று யாரும் கேட்கவில்லை. லேகியம் என்றே நானும் எடுத்துக்கொண்டேன்.

அவள் ஊரில் ஆடி மாசக் கடைசி வெள்ளியில் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். முதல் பானையை, மாதவிலக்கு நின்றுபோன பெண் ஒருத்திதான் அடுப்பேற்ற வேண்டும். வயசு வரிசைப்படி பேர் வரும். ஒரு வருஷம் ஒருத்தர். அந்த வருஷம் வசந்தாவின் முறை. அதற்காகக் கோடிப்புடவை எடுத்து வைத்திருப்பதை லேகியம் வாங்க வந்தபோதே சொன்னாள். "நாத்தனார் வச்சா, ஓரகத்தி வச்சா, நான் விறகு தூக்கிக்கிட்டே இருந்தேன். இந்தத் தடவை நான் உக்காந்து வைக்கப்போறேன், அவளுக விறகு தூக்கட்டும்" என்றாள்.

அந்த வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால் வந்தாள். கடையில் நல்ல கூட்டம். மேசையின் கடைசி மூலைக்கு என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஒங்ககிட்ட மட்டுந்தான் கேக்க முடியும்."

"சொல்லு."

"முந்தாநாளுலேருந்து லேசா படுதுக்கா."

"என்னது படுது?"

"அதான்க்கா." குரலை இன்னும் இறக்கினாள். "செவப்பா. துணியில. நாலு வருஷமா இல்லாதது. இது தீட்டாக்கா? வெள்ளிக்கிழமை பானை."

நான் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். முதலாளி அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, அங்க என்ன இவ்வளவு நேரம்? சித்தரத்தை கேட்டு நிக்கிறாரு பாரு." சித்தரத்தை கேட்ட ஆள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கூச்சத்தில் உடம்பு சுருங்கியது. வசந்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அதே இடத்தில் முடிந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. அதோடு அவள் ஆசைப்பட்டு எடுத்த புடவையும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"தீட்டு இல்ல. லேகியம் வேலை செய்யுது. உள்ள தங்கியிருந்த கெட்ட ரத்தம் கழியுது" என்றேன்.

இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. கடையில் எல்லோரும் சொல்வதுதான். சரக்கு கொண்டுவருகிறவர்களும் சொல்வார்கள். சின்னப் பெண்கள் பலரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

"அப்ப பானை வைக்கலாமாக்கா?"

"தாராளமா வை."

அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

பிள்ளைகளே, அவள் கேட்டது கோவிலுக்கு ஆகுமா ஆகாதா என்ற கேள்வி. நான் அதற்கு மட்டும் பதில் சொன்னேன். தீட்டு இல்லை என்று நான் சொன்னது ஒருவகையில் சரிதான். தீட்டு இல்லையென்றால் அது என்ன என்று நான்தான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நாலு வருஷமாக வற்றிக்கிடந்த இடத்தில் ஒரு சொட்டு பட்டால் அது என்னவென்று பார்க்கத் தெரிந்தவர்களிடம் உடனே அனுப்ப வேண்டும். பல பேருக்கு அது ஒன்றுமில்லாததாகவே இருக்கும். ஆனால் அதைப் பார்த்துச் சொல்லவேண்டியது டாக்டர். நானோ நீங்களோ இல்லை.

திங்கட்கிழமை ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். "கிழக்கால பொங்கி வழிஞ்சுச்சுக்கா. ஊரே குலவை போட்டுச்சு" என்றாள். நான் மத்தியானம் அதைச் சாப்பிட்டேன். நெய் விட்டு நன்றாகவே செய்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஊரிலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். "வசந்தாவுக்குக் குடுத்தீங்களாமே, கெட்ட ரத்தத்தைக் கழிக்கிற லேகியம், அது வேணும்." அவர்களுக்கும் கொடுத்தேன். அதுவரை கடையில் யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. அந்த மேசைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். பேர் சொல்லித் தேடி வந்தது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஆட்கள் வருவார்கள்.

ஆவணியில் இரண்டு தடவை பட்டதாகச் சொன்னாள். "இன்னும் கழியுதுக்கா" என்றாள். நிறைய தேங்கியிருக்கும் என்றேன். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ரத்தம் ஊறட்டும் என்று பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் சாப்பிடச் சொன்னேன்.

புரட்டாசியில் ஒரு காலை நேரம். கிராமங்களுக்குப் போய் ஊசி போடும் நர்ஸம்மா ஒருத்தி, தன் மாமியார் இருமலுக்கு ஆடாதோடை வாங்க வந்திருந்தாள். என் மகள் வயசுகூட இருக்காது. அவள் நிற்கும்போதே அந்த இரண்டு பேரில் ஒருத்தி லேகியம் வாங்க வந்தாள். நான் வழக்கம்போல, "பட்டா பயப்படாதே, கெட்ட ரத்தம் கழியுதுன்னு அர்த்தம்" என்றேன். தனக்கு எதுவும் படவில்லையே என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். வசந்தாவுக்கு மட்டும் வேலை செய்கிறதே என்றாள்.

நர்ஸம்மா காதில் அது விழுந்தது. அந்தப் பெண் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏங்கம்மா, யாரு வசந்தா?"

"ஒரு கஸ்டமர்ங்க."

"நின்னு எத்தனை வருஷம்?"

"நாலு வருஷம்."

"நின்னு நாலு வருஷம் ஆனவங்களுக்கு ரத்தம் படுது. நீங்க லேகியம் குடுக்கிறீங்க. எவ்வளவு நாளா?"

நான் விரல் விட்டு எண்ணினேன். அவள் ஆடாதோடைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"கர்ப்பப்பையில கட்டி இருந்தாலும் இப்படித்தாம்மா படும். புத்துநோயா இருந்தாலும் இப்படித்தான் படும். அதை நீங்க மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லி வச்சிருக்கீங்க. இன்னைக்கே அவங்களப் போய்ப் பாருங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

"என்னன்னு சொல்றதுங்க?"

"கெட்ட ரத்தம்னு எந்த வாயால சொன்னீங்களோ அந்த வாயால சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. முப்பது வயசுகூட ஆகாத பெண் நாலு பேர் முன்னால் இப்படிப் பேசுகிறாளே என்று இருந்தது. ஆனாலும் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வசந்தா வீட்டில் இல்லை. நடவு. வாய்க்கால் கரையோடு நடந்துபோனேன். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் வரப்பில் நாற்றுமுடி வீசிக்கொண்டிருந்தார். நான் தூரத்து வரப்பில் போய் நின்றுகொண்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, யாரோ ஒருத்தி பார்த்துவிட்டு, "ஏ வசந்தா, ஒனக்கு விருந்தாளி வந்துருக்கு, சேத்துலயே எலை போட்டுரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். சேற்றுக் கையோடு வந்தாள்.

"என்னக்கா இவ்ளோ தூரம்?"

சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். நர்ஸம்மா சொன்னதில் பாதியைச் சொன்னேன். புற்றுநோய் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. கட்டியாக இருந்தாலும் இருக்கலாம், தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடலாம், நான் கூட வருகிறேன் என்றேன்.

அவள் கட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அப்ப அது கெட்ட ரத்தம் இல்லையா?"

"இல்லன்னு நர்ஸு சொல்றாங்க."

"அப்ப தீட்டா? நான் தீட்டோட பானை வச்சேனா?"

"அப்படி இல்ல வசந்தா..."

"மெதுவா பேசுங்கக்கா." திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "இவளுக காதுல விழுந்தா ஊரு என்னைச் சும்மா விடுமா? எங்க தெருவுல ஒரு மாடு செத்தாக்கூட என் தலையிலதான் விழும். போன வாரம் மடை ஒடைஞ்சுச்சு. அதுக்கே யாரு என்ன தப்பு பண்ணாளோன்னு பேசிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா எப்பலேருந்து படுதுன்னு கேப்பான். அவரு பக்கத்துல நிப்பாரு. ஆடி மாசத்துலேருந்துன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அவரு வேணாம். நாம ரெண்டு பேரும் போவோம்."

"நடவு நேரத்துல நான் தஞ்சாவூருக்குப் போறேன்னா எதுக்குன்னு கேக்கமாட்டாரா?"

நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். நேராக அவள் புருஷனிடமே போய்ச் சொல்லியிருக்கலாம். வரிசையில் இருந்த இருபது பெண்களும் கேட்டால் கேட்கட்டும் என்று புற்றுநோய் என்ற வார்த்தையை அந்த வயலில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் என்னை அவள் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்கமாட்டாள், ஆனால் போயிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கண்ணில் பயத்தைப் பார்த்ததும், "சரி, அறுப்பு முடியட்டும். முடிஞ்ச கையோட போயிடுவோம். லேகியத்தை மட்டும் நிறுத்திடு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அப்படியே வயலில் இறங்கிவிட்டாள்.

கடையில் தெரியாமல் சொன்னது முதல் தப்பு. வரப்பில் தெரிந்தே விட்டுக்கொடுத்தது இரண்டாவது. முதல் தப்பை யாரும் செய்துவிடுவார்கள். இரண்டாவது தப்பை என்னைப் போன்றவர்கள்தான் செய்வார்கள். அடுத்தவர் முகம் வாடினால் தாங்கமாட்டோம் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் தாங்கமுடியாதது நம் கூச்சம்தான்.

சம்பா அறுப்பு தை கடைசியில்தான் முடிந்தது. அந்த இடைவெளியில் நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும், "இப்ப படலக்கா" என்றாள். பொய் என்று தெரிந்தது. களத்தில் நெல் தூற்றும்போது மயங்கி விழுந்து, மகள் வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். புற்றுநோய்தான். கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவியிருந்தது. ஆப்பரேஷன் முடியாது என்று சொல்லிக் கரண்டு வைத்தார்கள். கதிர் வைப்பதைத்தான் நம் பக்கத்தில் கரண்டு என்பார்கள். அதற்காக அவளை மாசி முழுக்க அங்கேயே படுக்கவைத்தார்கள்.

நான் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பயந்துகொண்டே அவளைப் பார்க்கும் லேடி டாக்டரிடம் லேகியத்தைப் பற்றிக் கேட்டேன். அதனால் வந்ததா என்று கேட்டேன். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். "லேகியம் இந்த நோயைக் கொண்டுவந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன்மா. ஆனா ஆறு மாசத்தை அது சாப்ட்டுருச்சு. ஆடியில வந்திருந்தா கர்ப்பப்பையோட எடுத்திருக்கலாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு மேசையில் நான் நின்ற விதம் வேறு. இதைத்தான் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். நிக்கிற நேரம் என்று யார் வந்தாலும் மேசையில் வைத்துப் பேசமாட்டேன். பின்பக்கம் பொட்டலம் கட்டும் இடத்துக்குக் கூட்டிப்போய் முக்காலியில் உட்காரவைப்பேன். முதலாளி முதலில் முணுமுணுத்தார், அப்புறம் அவரே ஒரு திரை போட்டுக் கொடுத்தார். நின்று எவ்வளவு நாள் ஆகிறது என்று முதலில் கேட்பேன். நின்ற பிறகு எப்போதாவது பட்டதா என்று கேட்பேன். இந்தக் கேள்வியை மட்டும் இரண்டு விதமாக மாற்றிக் கேட்பேன், ஏனென்றால் முதல் தடவை இல்லை என்றுதான் சொல்வார்கள். மார்பில் கட்டி உண்டா, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நெஞ்சுக்கும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்பேன். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்வேன். படிக்கத் தெரியாத டப்பாவைப் படித்ததுபோலக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டேன். நாலைந்து சாமானை ஒன்றாகக் கொடுக்கமாட்டேன். ஒன்று கொடுத்து, அதுவும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள் என்பேன். இயற்கை என்றால் ஒன்றும் செய்யாது என்று சொல்வதில்லை. ஒன்றும் செய்யாதது மருந்தாகவும் இருக்காதே.

பட்டது என்று யாராவது சொன்னால் எதையும் விற்கமாட்டேன். உப்புக்கல்கூடக் கொடுக்கமாட்டேன். ஒரு தடவை ஒருத்தி கத்தினாள். "ஒங்களுக்கு விக்கப் பிடிக்கலன்னா சொல்லுங்க, எதுக்கு எனக்கு நோயுன்னு பேசுறீங்க? எங்க வீட்டுல யாருக்கும் அந்த மாதிரி வந்தது கெடையாது." கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் கொடுக்கவில்லை. எதிர்த்த தெருக் கடையில் வாங்கிக்கொண்டு போனாள். பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாளா என்று தெரியாது. நல்லதாக முடிந்ததா என்று தெரியாது. இந்த வேலையில் நீங்கள் செய்த நல்லது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, செய்த கெடுதலை மட்டும் வீடு தேடிப்போய்ப் பார்க்கவேண்டிவரும். உற்சாகமாக எதையாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்கு வேறு வரவில்லை.

வசந்தா வைகாசியில் இறந்துபோனாள். அதற்குப் பத்து நாள் முன்னால் போய்ப் பார்த்தேன். மத்தியான நேரம். கூடத்தில் கட்டிலைப் போட்டு ஜன்னல் பக்கம் படுக்கவைத்திருந்தார்கள். மகள் எனக்குக் காப்பி போட உள்ளே போனாள். வசந்தா என்னை நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். குரல் அவ்வளவுதான் இருந்தது.

"அக்கா, ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன். நீங்க வரப்புல வந்து சொன்னப்புறம் லேகியத்தை நிறுத்திட்டேன்ல? பாதியில நிறுத்தினதாலதான் உள்ளயே தங்கிருச்சோ? விடாம சாப்ட்டிருந்தா எல்லாம் கழிஞ்சு போயிருக்குமா?"

அந்த நோயில் கிடந்தபோதுகூட அவள் என் வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது, மகள் சொன்னது எதுவும் அதை அழிக்கவில்லை. நான் ஆமாம் என்றாலும் நம்பியிருப்பாள். இல்லை என்றாலும் நம்பியிருப்பாள்.

"இல்ல வசந்தா" என்றேன். "கெட்ட ரத்தம்னு ஒண்ணு இல்லவே இல்ல. நீ நிறுத்தினது தப்பு இல்ல. தீட்டும் இல்ல, நீ வச்ச பானையில ஒரு குத்தமும் இல்ல. ஆடி மாசத்துலயே இது நோயா இருந்துருக்கு. அது என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

உள்ளே பால் காயும் வாசனை வந்தது. வசந்தா என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம்லக்கா. சொல்லியிருந்தா நான் வேற யாரையாவது கேட்டிருப்பேன்."